ஐஃப்ரேம் ஏறிவிட்டதா என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவன் நான். சென்ற வாரம் அதில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஒரு ஐஃப்ரேமை, அதாவது ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் கட்டத்தை, உருவாக்கிப் பக்கத்துக்குள் சேர்ப்பது எப்படி என்று ஒரு பாடம் வந்திருந்தது. தமிழில் இப்படி எழுதுவதே அரிது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் பாடத்தின் கடைசிப் பகுதியில், உள்ளே வரும் பக்கம் முழுதாக ஏறிய பிறகு சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தை மறைக்க, குறித்த நேரம் கழித்து ஒரு வேலையை ஓட்டும் செட்டைம்அவுட் போட்டு இரண்டு விநாடி காத்திருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள். இது தவறு. கோடு (கணினி நிரல்) எழுதப் பழகும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார்கள், அப்புறம் பல வருடங்களுக்கு அதையே எழுதுவார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு விநாடி என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் போட்டேன். என் மேசையில் இருந்த கணினியில், வேகமான இணைப்பில், உள்ளே வர வேண்டிய பக்கம் அரை விநாடியில் வந்தது. நான்கு மடங்கு விட்டுவைத்தால் போதாதா என்று நினைத்தேன். நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் பணம் கட்டும் படிவம் ஒரு ஐஃப்ரேமுக்குள் வரும்படி அமைத்திருந்தோம். இணைப்பு மெதுவாக இருந்தவர்களுக்கு இரண்டு விநாடியில் வட்டம் மறைந்தது, படிவம் வரவில்லை, வெள்ளையாக ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அவர்கள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பக்கத்தைப் புதுப்பித்தார்கள், மறுபடி முதலிலிருந்து. இணைப்பு வேகமாக இருந்தவர்களோ படிவம் தயாராக வந்து நின்ற பிறகும் ஒன்றரை விநாடி வெறுமனே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விநாடியை ஐந்தாக்கினோம், முதல் கூட்டம் கொஞ்சம் குறைந்தது, இரண்டாவது கூட்டம் எரிச்சலானது. எந்த எண்ணைப் போட்டாலும் யாராவது ஒருவருக்கு அது பொய்யாகத்தான் இருக்கும், ஏனென்றால் கடிகாரத்துக்கும் அந்தப் பக்கம் வருவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிரவுசரே இதைச் சொல்லும். ஐஃப்ரேம் எலிமென்டில் லோட் என்று ஒரு ஈவென்ட் (இது நடந்தது என்று பிரவுசர் தரும் அறிவிப்பு) எழும், அதற்கு ஒரு லிசனர் (அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைத்தால் போதும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் பாதிப் பேர் இதில் வழுக்கி விழுவது வரிசையில். நான் பழகிக்கொண்ட வரிசை இது: முதலில் கிரியேட்எலிமென்ட் கொண்டு ஐஃப்ரேமை உருவாக்குங்கள், உடனே ஆட்ஈவென்ட்லிசனர் கொண்டு லோட் ஈவென்டுக்கு லிசனரைக் கட்டுங்கள், அதன் பிறகு எஸ்ஆர்சியில் முகவரியைக் கொடுங்கள், கடைசியாக அப்பெண்ட்சைல்ட் கொண்டு பக்கத்துக்குள் சேருங்கள். உங்கள் பாடத்தில் சேர்ப்பது முதலிலும் முகவரி கொடுப்பது பிறகும் வருகிறது. பார்க்கச் சின்ன மாற்றம்தான், ஆனால் விளைவு வேறு.

ஏன் என்று சொல்கிறேன். முகவரி இல்லாத ஐஃப்ரேமைப் பக்கத்துக்குள் சேர்த்தால் அது சும்மா காலியாக இருப்பதில்லை, அதற்குள் அபவுட்:பிளாங்க் என்ற வெற்றுப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதுவும் பிரவுசரின் கணக்கில் ஒரு பக்கம்தான், அது ஏறியதற்கும் லோட் ஈவென்ட் உண்டு. குரோமில் அந்த ஈவென்ட் அப்பெண்ட்சைல்ட் வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வரிக்குப் போகும் முன்பே எழுந்து முடிந்துவிடும். ஆகவே லிசனரை முன்பே கட்டி, சேர்த்த பிறகு முகவரி கொடுத்தால், உங்கள் லிசனர் இரண்டு முறை ஓடும்: வெற்றுப் பக்கத்துக்கு ஒருமுறை, உண்மையான பக்கத்துக்கு ஒருமுறை. முதல் முறையிலேயே வட்டத்தை மறைத்துவிட்டால் மறுபடி அதே வெள்ளைக் கட்டம். ஃபயர்பாக்ஸ் நெடுங்காலம் இந்த வெற்றுப் பக்கத்தை வேறு விதமாக, சற்றுப் பிந்தி ஏற்றிவந்தது, அதனால் ஒரே கோடு ஒரு பிரவுசரில் இரண்டு முறையும் இன்னொன்றில் ஒரு முறையும் ஓடியதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். முகவரியை முதலில் கொடுத்துவிட்டுச் சேர்த்தால் இந்தச் சிக்கலே எழாது, அந்த முகவரிக்கு ஒரே ஒரு லோட்தான் வரும்.

லிசனரைச் சேர்த்த பிறகு கட்டினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். உண்மையான முகவரி என்றால், சேர்த்த அடுத்த வரியிலேயே கட்டினாலும் பிழைத்துக்கொள்வீர்கள், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் முடியும் வரை அந்த ஈவென்ட் வராது. ஆனால் நடுவில் ஒரு அவெய்ட் (வேறொரு வேலை முடியும் வரை கோடை நிறுத்திவைக்கும் சொல்) நுழைந்தாலோ, லிசனர் கட்டும் வேலை வேறொரு ஃபங்ஷனுக்குப் போய் அது சற்றுப் பிந்தி ஓடினாலோ, ஈவென்ட் எழுந்து போயிருக்கும், நீங்கள் ஆயுசுக்கும் காத்திருப்பீர்கள். கேஷில் (பிரவுசர் முன்பே எடுத்துச் சேமித்துவைத்த இடத்தில்) இருக்கும் பக்கம் என்றால் இது இன்னும் சுலபமாக நடக்கும். முதல் தடவை வேலை செய்து இரண்டாம் தடவை நின்றுபோகும் கோடு என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஈவென்டுக்குக் காத்திருக்காமல், ஐஃப்ரேமின் கன்டென்ட்டாக்குமென்டை, அதாவது உள்ளே இருக்கும் பக்கத்தை, எடுத்து அதன் ரெடிஸ்டேட் கம்ப்ளீட் ஆகிவிட்டதா என்று சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை செட்இன்டர்வெல் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பது. ரெடிஸ்டேட் மூன்று நிலைகளில் நகரும்: லோடிங், இன்டராக்டிவ், கம்ப்ளீட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் உள்ளே இருப்பது அந்த வெற்றுப் பக்கம் என்றேன் அல்லவா, அதன் ரெடிஸ்டேட் பிறக்கும்போதே கம்ப்ளீட். நீங்கள் முதல் தடவை கேட்டவுடன் ஆம், முடிந்துவிட்டது என்று பதில் வரும், அது உங்கள் பக்கத்தைப் பற்றிய பதில் அல்ல. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. உள்ளிருக்கும் லொக்கேஷன் இன்னும் அபவுட்:பிளாங்க்தானா என்றும் சேர்த்துச் சோதித்தால் தப்பிக்கலாம், அதுவும் உள்ளே வருவது நம் ஆரிஜினைச் (நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த அடையாளம்) சேர்ந்த பக்கமாக இருந்தால் மட்டும்தான். வேறு ஆரிஜின் என்றால் கன்டென்ட்டாக்குமென்ட் நல் (ஒன்றுமில்லை) என்று வரும், கன்டென்ட்விண்டோ வழியாக டாக்குமென்டைத் தொட முயன்றால் செக்யூரிட்டிஎரர் வந்து ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்.

சரி, லோட் ஈவென்ட் வந்துவிட்டது. பக்கம் நல்லபடியாக வந்துவிட்டது என்று பொருளா? இல்லை, அந்த ஈவென்ட் அவ்வளவு தூரம் உறுதி தருவதில்லை. என் கடிதத்தின் முக்கியமான இடம் இதுதான்.

சர்வர் 404 (அந்தப் பக்கம் இல்லை) என்று பதில் சொன்னாலும் லோட் வரும், ஏனென்றால் அந்தப் பிழைப் பக்கம் ஒழுங்காக ஏறிவிட்டது. சர்வர் 500 (சர்வரிலேயே பிழை) என்று சொன்னாலும் அப்படித்தான். உள்ளே வர வேண்டிய தளம் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்ற ஹெடரையோ, கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியில் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் என்ற விதியையோ வைத்து, என்னை யாரும் ஐஃப்ரேமுக்குள் போடக் கூடாது என்று தடுத்திருந்தாலும் லோட் வரும். இணைப்பே கிடைக்காமல் பிரவுசர் தன் சொந்தப் பிழைப் பக்கத்தைக் காட்டினாலும் லோட் வரும். படத்துக்கு எரர் ஈவென்ட் இருக்கிறதே, இதற்கும் ஆன்எரர் எழுதிவிடலாமே என்று நினைக்கிறவர்கள் பலர், எத்தனையோ கோடுகளில் ஐஃப்ரேமுக்கு எரர் லிசனர் பொறுப்பாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஒருநாளும் ஓடாது. முகவரி தோற்றதற்காக ஐஃப்ரேமில் எரர் ஈவென்டைப் பிரவுசர்கள் எழுப்புவதில்லை.

ஆரம்பத்தில் இது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. காரணம் தெரிந்த பிறகு ஏற்றுக்கொண்டேன். நீங்கள் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேம்களை ஒவ்வொன்றாக உருவாக்கி, உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி, அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கும் சர்வர்களின் முகவரி என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். வெற்றி என்றால் லோட், தோல்வி என்றால் எரர் என்று வேறு வேறு ஈவென்ட் வந்தால், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாத உள் வலையமைப்பில் என்னென்ன இருக்கிறது என்று உங்கள் பிரவுசரே அந்த அந்நியருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். அதனால்தான் வந்தாலும் லோட், வராவிட்டாலும் லோட் என்று வைத்திருக்கிறார்கள். நமக்குத் தொல்லைதான், ஆனால் பயனரின் பக்கம் நின்று பார்த்தால் சரியான முடிவு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் லோட் ஈவென்டை மட்டும் சொல்லிக்கொடுத்தால், படிக்கிறவர் அதை வெற்றிச் செய்தி என்று எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் உண்மையில் வந்ததா என்று யாரிடம் கேட்பது? உள்ளே வரும் பக்கம் நம் சொந்த ஆரிஜினைச் சேர்ந்தது என்றால் வேலை எளிது. லோட் வந்தவுடன் கன்டென்ட்டாக்குமென்டைப் பாருங்கள். நல் என்று வந்தால் உள்ளே இருப்பது நம் பக்கம் இல்லை, பிரவுசரின் பிழைப் பக்கம். நல் இல்லை என்றால் அதற்குள் நாம் எதிர்பார்க்கும் ஒரு எலிமென்ட், படிவத்தின் ஐடி மாதிரி ஏதாவது ஒன்று, இருக்கிறதா என்று குவெரிசெலக்டர் போட்டுப் பாருங்கள். 404 பக்கமும் நம் ஆரிஜினிலிருந்தே வரும், ஆனால் அதில் அந்தப் படிவம் இருக்காது. முதலில் ஃபெட்ச் போட்டு பதில் ஓகேவா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஐஃப்ரேமுக்கு முகவரி கொடுக்கிறவர்களும் உண்டு, அதில் ஒரே பக்கத்தை இரண்டு முறை கேட்க நேரும், இரண்டு கேள்விக்கும் நடுவில் சர்வர் மனம் மாறவும் செய்யும். எனக்கு அது பிடிக்கவில்லை.

வேறு ஆரிஜின் என்றால், ஆனால் அந்தப் பக்கத்தை எழுதுவதும் நாமோ நமக்குத் தெரிந்தவர்களோ என்றால், போஸ்ட்மெசேஜ்தான் வழி. உள்ளே இருக்கும் பக்கம் தன் வேலையெல்லாம் முடித்து, படிவம் கண்ணுக்குத் தெரிந்து, பொத்தான்கள் அழுத்தத் தயாரான பிறகு, விண்டோவின் பேரன்டுக்கு நான் தயார் என்று ஒரு செய்தி அனுப்பட்டும். வெளியே இருப்பவர் மெசேஜ் ஈவென்டுக்குக் காத்திருக்கட்டும். இதில் லோட் ஈவென்டைவிட ஒரு பெரிய நன்மை இருக்கிறது. லோட் என்பது படங்கள், ஸ்டைல்ஷீட்டுகள், உள்ளுக்குள் உள்ள ஐஃப்ரேம்கள் எல்லாம் வந்து சேரும் வரை காத்திருக்கும், ஆனால் உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் ஃபெட்ச் போட்டுக் கொண்டுவரும் தகவலுக்குக் காத்திருக்காது. இன்றைய தளங்களில் பாதி, முதலில் ஒரு எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு அப்புறம்தான் சதையைக் கொண்டுவருகின்றன. லோட் வரும்போது அங்கே எலும்புக்கூடுதான் இருக்கும். தகவல் எப்போது வந்து உட்கார்ந்தது என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே சொல்ல வேண்டியதும் அதுதான்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன, பாடத்தில் இதை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். மெசேஜ் ஈவென்ட் எந்த விண்டோவிலிருந்தும் வரலாம், விளம்பரத்தின் ஐஃப்ரேமிலிருந்து வரலாம், பிரவுசரில் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷனிலிருந்துகூட வரலாம். ஆகவே ஈவென்டின் சோர்ஸ் நம் ஐஃப்ரேமின் கன்டென்ட்விண்டோதானா என்று பாருங்கள், ஆரிஜினும் நாம் எதிர்பார்க்கும் ஆரிஜின்தானா என்று முழுதாக ஒப்பிட்டுப் பாருங்கள். முழுதாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முகவரி இந்த எழுத்துகளில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் தளத்தின் பெயரில் தொடங்கிப் பின்னால் வேறொரு பெயரில் முடியும் டொமைனை எவரும் வாங்கலாம். ஐஃப்ரேமின் உரிமைகளைக் குறைக்கும் சேண்ட்பாக்ஸ் ஆட்ரிபியூட் போட்டு அதில் அலவ்-சேம்-ஆரிஜின் கொடுக்காமல் விட்டிருந்தால் ஆரிஜின் என்ற இடத்தில் நல் என்ற சொல்லே எழுத்துகளாக வரும், அங்கே ஆரிஜினை வைத்து யாரென்று சொல்ல முடியாது, சோர்ஸைத்தான் நம்ப வேண்டும். அனுப்பும் பக்கமும் யாருக்கு என்று டார்கெட் ஆரிஜினைக் குறிப்பிட்டு அனுப்புவது நல்லது. நட்சத்திரக் குறி போட்டு எல்லாருக்கும் என்று அனுப்புகிறவர்கள் அந்தச் செய்தியில் ரகசியம் எதையும் வைத்துவிடக் கூடாது.

முந்திக்கொள்ளும் சிக்கல் இங்கேயும் உண்டு. உள்ளே இருக்கும் பக்கம் வேகமாகத் தயாராகி, தயார் என்று கூவிவிட்டது, வெளியே கேட்க இன்னும் ஆள் உட்காரவில்லை. அந்தச் செய்தி போனது போனதுதான், போஸ்ட்மெசேஜ் எதையும் சேமித்துவைப்பதில்லை. ஆகவே மெசேஜ் லிசனரையும் ஐஃப்ரேமைச் சேர்க்கும் முன்பே கட்டிவிடுங்கள். கூடவே, வெளிப்பக்கம் லோட் வந்தவுடன் நீ தயாரா என்று ஒரு கேள்வி அனுப்பட்டும், உள்பக்கம் தயாராக இருந்தால் மறுபடி பதில் சொல்லட்டும். இப்படி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டால் யார் முந்தினாலும் கெட்டுப்போகாது. எங்கள் பணம் கட்டும் படிவத்தைக் கடைசியில் சரிசெய்தது இந்த இருவழிப் பேச்சுதான், அதன் பிறகு வெள்ளைக் கட்டம் பற்றிப் புகார் வரவில்லை.

யாரோ ஒருவரின் தளம், அவர்களிடம் செய்தி அனுப்பச் சொல்ல நம்மால் முடியாது என்றால்? அங்கே லோட் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழி இல்லை. தெரிந்ததுபோல் நடிக்கவும் கூடாது. வட்டத்தை மறைத்துவிட்டு, பக்கத்திலேயே இது திறக்கவில்லை என்றால் புதிய டேபில் திறக்க என்று ஒரு லிங்க் வைத்துவிடுங்கள். பார்க்கிற மனிதருக்குக் கண் இருக்கிறது, அவர் பார்த்து முடிவு செய்துகொள்வார். எத்தனை கோடு எழுதினாலும் இந்த ஒரு லிங்க் செய்யும் உதவியைச் செய்யாது.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். செட்டைம்அவுட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைக்க வேண்டிய இடம் வேறு. இவ்வளவு நேரம் ஆகியும் தயார் என்ற செய்தி வரவில்லை, இனிக் காத்திருப்பதில் பொருளில்லை என்று கைவிடுவதற்கு ஒரு கெடு வேண்டும், அதற்குத்தான் கடிகாரம். ஒரு ப்ராமிஸுக்குள் (பின்னால் வரும் முடிவுக்கான ஜாவாஸ்கிரிப்ட் பொருள்) எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்: தயார் என்ற செய்தி வந்தால் ரிசால்வ் (வெற்றி), கெடு தாண்டினால் ரிஜெக்ட் (தோல்வி), எது நடந்தாலும் லிசனர்களைக் கழற்றி டைமரையும் நிறுத்துவது. கழற்றுவதை மறந்தால், ஒரே பக்கத்தில் ஐஃப்ரேமைத் திறந்து மூடித் திறக்கும்போது பழைய லிசனர்கள் சேர்ந்துகொண்டே போகும். அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலை ஆட்ஈவென்ட்லிசனருக்குக் கொடுத்துவிட்டால் ஒரே வரியில் எல்லாம் கழன்றுவிடும், எனக்கு மிகவும் பிடித்த வசதி அது. கெடு முப்பது விநாடியானாலும் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் பக்கம் நல்லபடியாக வந்தவர்கள் யாரும் அந்தக் கெடுவைத் தொடப்போவதில்லை.

லோட் ஒரே முறைதான் வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் லிங்கைப் பயனர் அழுத்தினால், படிவத்தை அனுப்பினால், புதிய பக்கம் ஏறும்போது வெளியே இருக்கும் அதே எலிமென்டில் மறுபடி லோட் எழும். முதல் முறை மட்டும் போதும் என்றால் ஒன்ஸ் என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். இன்னொரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள்: ஐஃப்ரேமைப் பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து எடுத்து வேறொரு மூலையில் அப்பெண்ட்சைல்ட் போட்டு வைத்தால் அது இடம் மாறுவதோடு நிற்காது, உள்ளே இருக்கும் பக்கமும் முதலிலிருந்து ஏறும். பயனர் பாதி நிரப்பிய படிவம் காலியாகிவிடும். லோடிங் என்ற ஆட்ரிபியூட்டில் லேசி என்று கொடுத்திருந்தால், பயனர் அந்த இடத்துக்கு அருகே ஸ்க்ரோல் செய்து வரும் வரை பிரவுசர் பக்கத்தைக் கேட்கவே கேட்காது, அதுவரை லோடும் வராது. கெடு வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கேட்கவே கேட்காத பக்கத்தைத் தோற்றுவிட்டது என்று அறிவிப்பீர்கள். ஐஃப்ரேம் வழியாகக் கோப்பை டவுன்லோட் செய்யவைத்து, லோட் வந்ததும் முடிந்தது என்று காட்டும் பழக்கமும் உதவாது. கோப்பு டவுன்லோடாகப் போனால் ஐஃப்ரேமுக்குள் புதிய பக்கம் எதுவும் ஏறவில்லை, ஆகவே அந்த ஈவென்டை எதிர்பார்த்து நிற்க முடியாது.

நாம் உருவாக்காத ஐஃப்ரேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறொருவரின் ஸ்கிரிப்ட் நம் பக்கத்தில் ஐஃப்ரேமைச் சேர்க்கிறது, அது எப்போது ஏறியது என்று தெரிய வேண்டும். லோட் ஈவென்ட் பபிள் ஆகாது, அதாவது எலிமென்டிலிருந்து மேலே ஏறிப் போகாது, ஆகவே மேலே டாக்குமென்டில் சாதாரணமாக லிசனர் கட்டி வைத்தால் அங்கு வந்து சேராது. ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் டெலிகேட் செய்து (மேலே ஒரே லிசனர் கட்டி) பார்த்துத் தோற்றவர்கள் எல்லாம் இந்தக் காரணத்தால்தான் தோற்றார்கள். ஆனால் பபிள் ஆகாத ஈவென்டும் மேலிருந்து கீழே இறங்கும் கேப்சர் கட்டத்தில் டாக்குமென்டைத் தொட்டுத்தான் போகும். ஆட்ஈவென்ட்லிசனரின் மூன்றாவது இடத்தில் ட்ரூ என்று கொடுத்து டாக்குமென்டில் கட்டுங்கள், பிறகு ஈவென்டின் டார்கெட் ஐஃப்ரேமா என்று பாருங்கள். படத்தின் லோடும் ஸ்கிரிப்டின் லோடும் அதே வழியாகத்தான் வரும் என்பதால் அந்தச் சோதனை கட்டாயம். விண்டோவில் கட்டினால் வராது, லோட் ஈவென்ட் மட்டும் டாக்குமென்டோடு நின்றுவிடும். எலிமென்ட் எப்போது பக்கத்துக்குள் நுழைந்தது என்பதும் வேண்டும் என்றால் மியூட்டேஷன்அப்சர்வர் இருக்கிறது.

பழைய கோடுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஹெச்டிஎம்எல் 4.0 வந்த 1997-லேயே ஐஃப்ரேம் தரநிலைக்குள் வந்துவிட்டது, அதனால் இதைப் பற்றிய பாடங்களும் மிகப் பழையவையாகவே கிடைக்கின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை ஆட்ஈவென்ட்லிசனரே கிடையாது, அட்டாச்ஈவென்ட் போட வேண்டியிருந்தது, அதற்கென்று எழுதிய இரட்டைப் பாதைக் கோடு இன்றும் நகலெடுக்கப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது, இனி அந்த வரிகளை அழித்துவிடலாம். ஜேகுவெரியில் லோட் என்று நேரடியாக இருந்த ஈவென்ட் மெத்தடும் 2016-ல் வந்த 3.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, ஆன் என்ற மெத்தடில் லோட் என்று பெயர் கொடுத்துத்தான் கட்ட வேண்டும்.

வட்டம் சுற்றுவதைக் கண்ணால் பார்க்காதவர்களும் பக்கத்துக்கு வருகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஸ்க்ரீன் ரீடர் வைத்துக் கேட்டுப் படிக்கிறவருக்கு வட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஐஃப்ரேமுக்கு டைட்டில் கொடுங்கள், அதுதான் அவருக்கு இந்தக் கட்டம் என்ன என்று சொல்லும். ஏறிக்கொண்டிருக்கிறது, தயார், திறக்கவில்லை என்ற மூன்று செய்திகளையும் எழுத்தாகவே ஒரு இடத்தில் வைத்து, அந்த இடத்துக்கு ரோல் ஸ்டேட்டஸ் என்று கொடுத்தால் மாறும்போதெல்லாம் அது வாசிக்கப்படும். பணம் கட்டும் படிவத்தில் ஒருவர் எதுவும் கேட்காமல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது ஒரு திருத்தம். அடுத்த வாரப் பக்கத்தில் இடம் நிறைய இருந்தால் இந்தப் பாடத்தையே மறுபடி எழுதச் சொல்லுங்கள், லோட் வந்தாலும் பக்கம் வந்ததாகப் பொருளில்லை என்பதற்கு ஒரு பத்தியும் போஸ்ட்மெசேஜுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கச் சொல்லுங்கள். இடம் குறைவு என்றால், செட்டைம்அவுட் வரியை அடித்துவிட்டு, உருவாக்கு, லிசனர் கட்டு, முகவரி கொடு, பக்கத்தில் சேர் என்ற நான்கு வரிகளை அந்த வரிசையிலேயே அச்சிட்டு, சென்ற வாரம் வந்த கோடை நோட்டில் ஒட்டியவர்கள் மாற்றிக்கொள்ளவும் என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள். மாதிரிக் கோடு வேண்டுமென்றால் எழுதி, மூன்று பிரவுசர்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணினிப் பக்கத்தின் நெடுநாள் வாசகன்